முந்தி வந்து நின்றவர்

1982 ஜூலை 11. மாட்ரிட் நகரின் பெர்னபேயு அரங்கு. உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தின் 69ஆம் நிமிடத்தில் இத்தாலியின் மார்கோ டார்டெல்லி ஒரு கோல் போடுகிறார். போட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டம் கோலைவிடப் புகழ்பெற்றுவிட்டது. இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, அழுகையா கூச்சலா என்று பிரித்தறிய முடியாத முகத்தோடு ஓடுகிறார். கால்பந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் எங்காவது ஒருமுறை அதைப் பார்த்திருப்பார்கள்.

அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் படத்தைப் பத்து விநாடி பின்னால் நகர்த்திப் பாருங்கள். பந்து ஜெர்மனியின் பெனால்டி ஏரியாவுக்குள் இருக்கிறது. அதை வைத்திருப்பவர் நீலச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர், முதுகில் எண் 7. பக்கத்தில் நிற்கும் இளைஞனிடம் பந்தைத் தட்டுகிறார். இளைஞன் திருப்பித் தட்டுகிறான். எண் 7 தலையை நிமிர்த்தி, ஏரியாவின் விளிம்பில் வந்து நிற்கும் டார்டெல்லிக்கு அதை உருட்டிவிடுகிறார். டார்டெல்லி சறுக்கி விழும் நிலையில் இடது காலால் அடிக்கிறார். ஜெர்மன் கோல் கீப்பர் ஷூமாக்கருக்கு எட்டவில்லை. இத்தாலி 2, மேற்கு ஜெர்மனி 0.

அந்த இளைஞன் ஜூசெப்பே பெர்கோமி. வயது 18. அன்று அவனுக்குத் தந்திருந்த வேலை ஜெர்மனியின் கேப்டன் ரும்மெனிகேவைப் பிடித்து வைத்திருப்பது. எண் 7 காயெத்தானோ ஷிரேயா. அவர் இத்தாலியின் லிபெரோ, அதாவது தடுப்பு வரிசைக்கும் பின்னால், கோல் கீப்பருக்கு முன்னால் நிற்க வேண்டிய கடைசி ஆள். உலகக்கோப்பை இறுதியில் ஒரு கோல் முன்னணியில் இருக்கும் அணி, அதுவும் தற்காப்புக்குப் பெயர்போன இத்தாலி, ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது தன் கடைசி ஆளையும் எதிரியின் பெனால்டி ஏரியாவுக்குள் அனுப்பிவைத்திருக்கிறது. இல்லை, யாரும் அனுப்பவில்லை. அவர் தானாகப் போயிருக்கிறார். அங்கே போய் நின்றுகொண்டு அவர் காட்டும் நிதானம் இருக்கிறதே, அதற்காகவே அந்தப் பத்து விநாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எதிரி வீரர்கள் சுற்றி நிற்க, அவசரமே இல்லாமல் ஒரு தட்டு, ஒரு காத்திருப்பு, ஒரு தட்டு. இவருடைய வீடு எண்பது மீட்டர் பின்னால் திறந்து கிடக்கிறது என்று அவர் உடம்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஷிரேயாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நற்குணத்தில்தான் தொடங்குகிறார்கள். கனவான், அடக்கமானவர், வாழ்நாளில் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்காதவர். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் புகழ்ச்சி ஆட்டக்காரனை மறைத்துவிடுகிறது என்பது என் ஆதங்கம். நல்ல மனிதர்கள் பலர் கால்பந்து ஆடியிருக்கிறார்கள். ஷிரேயாவின் சுத்தம் குணத்தில் மட்டும் இருந்ததில்லை, காலில் இருந்தது. எதிரியைவிட ஓர் அடி முந்தி வந்து நிற்கத் தெரிந்தவனுக்கு எதிரியை இடறிவிட வேண்டிய தேவை வருவதில்லை. அந்த ஓர் அடியை ரசிப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

லிபெரோ என்ற வேலை இன்றைய கால்பந்தில் இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்றைய இத்தாலிய ஆட்டத்தில் தடுப்பு வீரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிரி ஒதுக்கப்பட்டிருப்பான். அவன் எங்கே போனாலும் இவர் பின்னால் போக வேண்டும். அவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே நிற்க வேண்டும் என்பது போல ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும். லிபெரோவுக்கு மட்டும் அப்படி யாரும் கிடையாது. எல்லோருக்கும் பின்னால் நின்று, எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போய் அடைப்பதுதான் அவர் வேலை. நம் மைதானங்களில் ஸ்வீப்பர் என்று சொல்வார்களே, அதுவேதான். இரவில் எல்லோரும் படுத்த பிறகு வீட்டைச் சுற்றி வந்து, எந்தத் தாழ்ப்பாள் போடாமல் கிடக்கிறது என்று பார்க்கும் பெரியவருடைய வேலை அது. அறுபதுகளில் எலேனியோ எர்ரேராவின் இன்டர் மிலான் அணியில் அர்மாண்டோ பிக்கி இந்த இடத்தில் நின்றார். அவர் நடுக்கோட்டைத் தாண்டுவதே அபூர்வம். வந்த பந்தைத் தூர அடித்து அனுப்பினால் கடமை முடிந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் பெக்கன்பவர் அந்தக் கடைசி ஆளின் இடத்திலிருந்தே தாக்குதலைத் தொடங்கிக் காட்டினார். பெக்கன்பவர் அரசர் போல ஆடினார், ஆட்டம் முழுவதும் அவரைச் சுற்றிச் சுழன்றது. ஷிரேயா எடுத்துக்கொண்டது வேறு பாதை. அவர் ஆட்டத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளவில்லை. இத்தாலிய லிபெரோவின் எல்லாக் கடமைகளையும் ஒன்று விடாமல் செய்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் நடுக்கள வீரனாகவும் இருந்தார். இந்த இரண்டில் முதலாவதை முழுதாகச் செய்தார் என்பதால்தான் இரண்டாவது அவருக்கு அனுமதிக்கப்பட்டது.

பிறந்தது 1953 மே 25, மிலானுக்குப் பக்கத்தில் செர்னுஸ்கோ சுல் நவீலியோ என்ற ஊரில். தந்தை தெற்கே சிசிலியிலிருந்து வந்தவர். வளர்ந்தது சினிசெல்லோ பல்சாமோ என்ற தொழிலாளர் நகரில். பெர்கமோ நகரின் அட்டலாண்டா அணி அவரைச் சிறு வயதிலேயே எடுத்துக்கொண்டது. இளைஞர் அணிகளில் அவர் முன்களத்திலும் நடுக்களத்திலும் ஆடியவர் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பின்னால் போய் நின்ற பிறகும் அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை. பந்து வந்ததும் எங்கே தூக்கி எறிவது என்று அவர் பார்ப்பதில்லை, யாருக்குக் கொடுப்பது என்றுதான் பார்க்கிறார். 1972இல் முதல் டிவிஷனில் அறிமுகம். 1974இல் டூரின் நகரின் யுவெண்டஸ் அவரை அழைத்துக்கொண்டது. அதன் பிறகு வேறு கிளப் கிடையாது. 1988 வரை 552 ஆட்டங்கள், 32 கோல்கள், ஏழு லீக் பட்டங்கள். ஆட்ட எண்ணிக்கையில் யுவெண்டஸின் அந்தச் சாதனை அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியேரோ வரும்வரை நீடித்தது.

இப்போது அவர் நிற்கும் விதத்துக்கு வருவோம். தடுப்பாட்டக்காரர்களின் படங்களில் நமக்குப் பிடித்தது தரையில் சறுக்கி வரும் டேக்கிள். புல் பறக்கும், பந்து தெறிக்கும், கூட்டம் எழும். ஷிரேயாவின் பழைய ஆட்டங்களைப் பார்த்தால் அவர் நின்றபடியே பந்தைப் பெறுகிறார். தரையில் விழுந்த தடுப்பு வீரன் எழுந்திருக்க ஒரு விநாடியாவது ஆகும், அந்த ஒரு விநாடி அவனால் பாஸ் கொடுக்க முடியாது. நின்றபடி பந்தை எடுத்தவன் எடுத்த கணத்திலேயே தாக்குதலைத் தொடங்கிவிடலாம். ஷிரேயாவுக்குப் பந்தைப் பறிப்பதும் பாஸ் கொடுப்பதும் இரண்டு வேலைகள் அல்ல. எதிரணி ஆள் கால் தூக்கும்போதே அந்தப் பந்து வந்து விழப்போகும் இடத்துக்கு ஷிரேயா நடக்கத் தொடங்கியிருப்பார். ஓடவில்லை, நடக்கிறார். பந்து போய்ச் சேரும்போது அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார், அதுவும் முன்பக்கம் பார்த்துத் திரும்பிய உடம்போடு. எதிரணியின் ஃபார்வர்டு மூச்சிரைக்க வந்து சேரும்போது பந்து சக தடுப்பு வீரர் கப்ரீனியின் காலில் இருக்கும்.

உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். சாதாரணத் தடுப்பு வீரர் பந்தைத் தன் கோல் பக்கம் முகம் வைத்து எடுப்பார், பிறகு சுற்றித் திரும்புவார். ஷிரேயா பக்கவாட்டாக நிற்கிறார். ஒரு தோள் எதிரியின் பக்கம், ஒரு தோள் தன் கோல் பக்கம், இரண்டு பக்கமும் கண் போகும். பந்து காலில் இருக்கும்போது குனிந்து அதைப் பார்க்கும் வழக்கமும் அவரிடம் அதிகமில்லை. அந்த நிமிர்ந்த தலையைத்தான் பார்த்தவர்கள் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் தனி ஒருவரால் ஆகிற காரியம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷிரேயாவின் சட்டையில் சேறு படாததற்கு அவர் பக்கத்தில் நின்றவர்கள் சேற்றில் புரண்டதும் ஒரு காரணம். யுவெண்டஸில் எதிரணியின் நடு ஃபார்வர்டைப் பிடிக்கும் ஸ்டாப்பராக முதலில் ஃபிரான்செஸ்கோ மொரீனி, பிறகு நெடுநெடுவென்ற செர்ஜியோ பிரியோ. வலப்பக்கம் கிளாடியோ ஜென்டீலே. இவர்கள் மூவரும் எதிரியின் மூச்சு பின்கழுத்தில் படும் தூரத்தில் தொழில் செய்தவர்கள். சட்டையை இழுப்பது, முழங்காலால் உரசுவது, விழுந்தவனைத் தூக்கிவிடுவது போலத் தூக்கி இன்னொரு முறை முறைப்பது, எல்லாம் அவர்கள் பங்கு. அவர்கள் எதிரியை நெருக்கி, தொல்லைப்படுத்தி, தவறான திசையில் ஒரு தொடுகை தொட வைப்பார்கள். அந்தத் தவறான தொடுகை போய் விழும் இடத்தில் ஷிரேயா நிற்பார். இதனால் அவர் பெருமை குறைவதாக நான் நினைக்கவில்லை. மூன்று பேர் உண்டாக்கும் கலவரத்தின் முடிவு எங்கே போய் விழும் என்று ஒவ்வொரு முறையும் கணிப்பது சின்ன வித்தையா?

அவர் முன்னால் போகும்போதும் அப்படித்தான். பயிற்சியாளர் ஜொவான்னி ட்ரப்பட்டோனியின் அணியில் கடைசி ஆள் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டினால், ஃபுரீனோ, பிற்பாடு பொனீனி போன்ற நடுக்களத் தொழிலாளிகளில் ஒருவர் பின்னுக்கு வந்து இடத்தைக் காப்பார். ஷிரேயா போவது எப்போது என்பதில்தான் நயம் இருக்கிறது. எதிரணி முழுவதும் ஆளுக்கொருவரைப் பிடித்து நின்றுகொண்டிருக்கும். ஷிரேயாவைப் பிடிக்க மட்டும் யாரும் ஒதுக்கப்பட்டிருக்க மாட்டார்கள். கடைசி ஆளை யார் மார்க் செய்வார்? அவர் பந்தோடு நடந்து வர வர, யாராவது ஒருவர் தன் ஆளை விட்டுவிட்டு அவரை எதிர்கொள்ள வேண்டிய கட்டாயம் வரும். விட்டுவிட்ட அந்த நொடியில் பாஸ் போய்விடும். 1982 இறுதியில் ஜெர்மன் பெனால்டி ஏரியாவுக்குள் அவர் அத்தனை நேரம் பந்தை வைத்திருக்க முடிந்ததும் இதனால்தான். அவர் யாருடைய கணக்கிலும் இல்லை.

அந்த உலகக்கோப்பையை இத்தாலி தொடங்கிய விதம் பரிதாபமானது. முதல் சுற்றில் மூன்று ஆட்டம், மூன்றும் டிரா. போலந்தோடு 0-0, பெருவோடு 1-1, கேமரூனோடு 1-1. இத்தாலியப் பத்திரிகைகள் கிழித்த கிழிப்பில் அணி வீரர்கள் நிருபர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பேசும் பொறுப்பு கேப்டனும் கோல் கீப்பருமான டீனோ ஸோஃப் தலையில் விழுந்தது, அவரோ இயல்பிலேயே பேசாதவர். பயிற்சியாளர் என்ஸோ பெயார்ஸோட் அணியை மாற்றவில்லை. அடுத்த சுற்றில் எதிரே நின்றவை அர்ஜென்டினாவும் பிரேசிலும்.

1982 ஜூலை 5, பார்சிலோனாவின் சரியா அரங்கில் நடந்த பிரேசில் ஆட்டத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. பாலோ ரோஸ்ஸி மூன்று கோல் போட்டார், இத்தாலி 3-2 என்று வென்றது. டிரா செய்தாலே பிரேசிலுக்கு அரையிறுதி கிடைத்துவிடும் நிலை. அந்த ஆட்டத்தை நான் இங்கே ரோஸ்ஸிக்காகச் சொல்லவில்லை. ஒரு லிபெரோவுக்குத் தரப்படக்கூடிய ஆகக் கடினமான தேர்வுத்தாள் அது. பிரேசிலின் நடுக்களத்தில் ஸிக்கோ, சாக்ரட்டீஸ், ஃபால்கோ, செரெஸோ. நால்வருக்கும் நிலையான இடம் கிடையாது. ஒருவர் காலி செய்த இடத்துக்கு இன்னொருவர் வருவார். ஆளைப் பிடித்து ஆடும் அணிக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேறில்லை. ஜென்டீலே ஸிக்கோவைப் பிடித்துக்கொண்டார், சட்டை கிழியும் அளவுக்குப் பிடித்துக்கொண்டார். முதல் பாதியிலேயே ஸ்டாப்பர் கொல்லொவாட்டிக்குக் காயம். பதிலுக்கு இறங்கியது 18 வயது பெர்கோமி. ஸிக்கோவிடம் ஜென்டீலே, இன்னொரு பக்கம் அனுபவமில்லாத ஒரு பையன், முன்னே நான்கு மந்திரவாதிகள். நடுவில் கூட்டிக் கழிக்க வேண்டியவர் ஷிரேயா.

பிரேசிலின் இரண்டாவது கோலில் அவருடைய வரிசை ஏமாந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஃபால்கோ பந்தோடு ஏரியாவின் விளிம்பில் நிற்கிறார். செரெஸோ அவருக்கு வெளிப்பக்கமாகப் பாய்ந்து ஓடுகிறார். இத்தாலியத் தடுப்பு அந்த ஓட்டத்தின் பின்னால் சாய்கிறது. ஃபால்கோ பந்தை உள்ளே இழுத்து இடது காலால் அடித்துவிடுகிறார். 2-2. பந்தைத் தொடாத ஒருவனின் ஓட்டத்தால் விழுந்த கோல். அதற்குப் பிறகும் இத்தாலியத் தடுப்பு பதறவில்லை என்பதுதான் பார்க்க வேண்டியது. ரோஸ்ஸி மூன்றாவது கோலைப் போட்ட பிறகு பிரேசில் அலை அலையாக வருகிறது. அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில் நீங்கள் பந்தை விட்டுவிட்டு ஷிரேயாவை மட்டும் பாருங்கள். அவர் பந்து இருக்கும் இடத்தை நோக்கிப் போவதே இல்லை. பந்து வரப்போகும் இடத்துக்கும் ஸோஃபுக்கும் இடையில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் நகர்கிறார். கடைசி நிமிடங்களில் ஆஸ்காரின் ஹெடரை 40 வயது ஸோஃப் கோல் கோட்டின் மேல் விழுந்து பிடித்து அமுக்கிக்கொண்டது மட்டும் ஷிரேயாவுக்கு அப்பாற்பட்டது. அது ஸோஃபின் கையெழுத்து.

அந்த ஆட்டத்தில் வாங்கிய அட்டையால் ஜென்டீலே போலந்துடனான அரையிறுதியில் ஆட முடியாமல் போனது. ஷிரேயா ஆடினார். எப்போதும் ஆடினார். தேசிய அணிக்கு 78 ஆட்டங்கள். தடுப்பு வீரர் கிடைப்பார் என்று முன்கூட்டியே தெரிவது ஒரு பயிற்சியாளருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பட்டியல்களில் ஏறுவதில்லை. ஒரு முறைகூட வெளியேற்றப்படாதவர் என்பதன் நடைமுறை அர்த்தம் இதுதான். அவரால் அணி ஒரு நாளும் பத்துப் பேரோடு ஆட நேரவில்லை. அதைப் பண்பு என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போவது ஓர் ஓவியனை அவன் சட்டையில் வண்ணம் படவில்லை என்பதற்காகப் பாராட்டுவது மாதிரி ஆகிவிடும்.

ஸோஃபையும் ஷிரேயாவையும் சேர்த்தே பேச வேண்டும். யுவெண்டஸில் ஒன்பது பருவங்கள், தேசிய அணியிலும் பல ஆண்டுகள், ஒருவர் முன்னால் ஒருவர் நின்றார்கள். அன்றைய விதிப்படி சக வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் கீப்பர் கையால் எடுக்கலாம், 1992இல்தான் அது தடை செய்யப்பட்டது. ஆகவே இவர்கள் இருவருக்கும் இடையே ஆட்டம் முழுவதும் பந்து போய் வந்துகொண்டே இருக்கும். எந்தப் பந்து உனக்கு, எந்தப் பந்து எனக்கு என்ற கேள்வி ஆட்டத்துக்குப் பல தடவை எழும். தயங்கினால் கோல். இவர்கள் தயங்கியதைப் பார்ப்பது அபூர்வம். வெளியூர் போனால் ஒரே அறையில் தங்குவார்கள். அந்த அறைக்கு அணிக்குள் ‘சுவிட்சர்லாந்து’ என்று பெயர் வைத்திருந்ததை டார்டெல்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார். தூக்கம் வராமல் இரவெல்லாம் திரியும் டார்டெல்லி அமைதி தேடிப் போகும் இடம் அது. உலகக்கோப்பை வென்ற இரவிலும் இந்த இருவரும் கொண்டாட்டத்தில் நெடுநேரம் இருக்காமல் அறைக்குத் திரும்பி, ஒரு சிகரெட்டோடு அந்த நாளை அசைபோட்டதாக ஸோஃப் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1985 மே 29 பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். பிரஸ்ஸல்ஸின் ஹெய்ஸல் அரங்கு, ஐரோப்பியக் கோப்பை இறுதி, லிவர்பூலுக்கு எதிராக யுவெண்டஸ். ஆட்டத்துக்கு முன் ரசிகர்களிடையே மூண்ட வன்முறையில் ஒரு சுவர் இடிந்து, நெரிசலில் 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆட்டம் தள்ளிப்போனது. அப்போது யுவெண்டஸ் கேப்டன் ஷிரேயா ஒலிபெருக்கி முன் நின்று தங்கள் ரசிகர்களிடம் அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். பழிவாங்கக் கிளம்பினால் இன்னும் எத்தனை உயிர் போகுமோ என்ற நிலை. அந்தக் குரலுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் அன்று மைதானத்தில் யாரும் இல்லை. சக வீரர் பிளாட்டினியின் பெனால்டியில் யுவெண்டஸ் 1-0 என்று வென்றது. அந்தப் பெனால்டிக்குக் காரணமான ஃபவுலோ ஏரியாவுக்கு வெளியே நடந்தது. அந்தக் கோப்பையோடு ஐரோப்பாவின் மூன்று பெரிய கிளப் கோப்பைகளும் அவர் கணக்கில் சேர்ந்தன என்பது வரலாறு. அதில் நயம் தேட எனக்கு மனம் வரவில்லை.

1986 மெக்சிகோ உலகக்கோப்பையில் கேப்டன் பட்டை அவர் கையில் இருந்தது. வயது 33. பிரான்ஸ் 2-0 என்று வென்று இத்தாலியை வெளியேற்றியது. முதல் கோல் யுவெண்டஸில் அவரோடு ஆடிய பிளாட்டினியினுடையது. தேசிய அணிக்கு அதுவே கடைசி ஆட்டம். 1988இல் கிளப் ஆட்டத்திலிருந்தும் விலகி, யுவெண்டஸின் பயிற்சியாளராகியிருந்த ஸோஃபுக்கு உதவியாளரானார். மறுபடி அதே ஏற்பாடு.

அடுத்த ஆண்டு யுவெஃபா கோப்பையில் யுவெண்டஸுக்குப் போலந்தின் குர்னிக் ஸாப்ஷே அணி எதிரியாக வந்தது. அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து வர ஷிரேயா போலந்து சென்றார். பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், 1989 செப்டம்பர் 3 அன்று, பாப்ஸ்க் என்ற ஊருக்கு அருகே அவர் வந்த கார் விபத்துக்குள்ளானது. காரில் எடுத்துவந்த பெட்ரோல் தீப்பிடித்தது. ஷிரேயாவுக்கு வயது 36. அந்த ஞாயிறு இரவு இத்தாலியத் தொலைக்காட்சியின் விளையாட்டு நிகழ்ச்சியில் செய்தி வந்தபோது அரங்கத்தில் விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் டார்டெல்லி.

டூரினில் யுவெண்டஸின் இன்றைய அரங்கின் தெற்குப் பகுதிக்கு ஷிரேயாவின் பெயர். அரங்கு இருக்கும் சாலையின் பெயரும் அவருடையதே.

ஆட்டம் மாறிவிட்டது. அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுதான் அர்ரிகோ சாக்கி ஏசி மிலானுக்கு வந்து, ஆளைப் பிடிப்பதை விட்டு இடத்தைப் பிடிக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். தடுப்பு வீரர் நான்கு பேரும் ஒரே கோட்டில் முன்னேறி எதிரியை ஆஃப்சைடில் சிக்கவைத்தால், கோட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஆளுக்கு வேலை இல்லை. அந்தக் கோட்டை நடத்தியவர் ஃபிராங்கோ பரேஸி. 1982 அணியில் பரேஸியும் இருந்தார், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் ஷிரேயா நின்றிருந்தார். 1986இல் அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. ஷிரேயா விலகிய பிறகே அந்த இடம் பரேஸிக்கு வந்தது. பரேஸி பந்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்த தலையோடு நடுக்கோட்டைத் தாண்டும் படங்களைப் பார்க்கும்போது, பக்கவாட்டில் நின்று வருடக்கணக்கில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று புரிகிறது. ஆனால் பரேஸி கையை உயர்த்திக் கத்தி, கோட்டை இழுத்து நிறுத்தி, எல்லோரையும் ஆட்டிவைத்தவர். ஷிரேயா ஆட்டிவைத்ததாகத் தெரியாது. எனக்கு அந்த இரண்டாவது வகையில்தான் மனம் ஒட்டுகிறது.

இவரைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. கோல்களைத் தொகுத்த சிறு படங்களில் அவர் அகப்பட மாட்டார். முழு ஆட்டமாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சரியா அரங்கின் பிரேசில் ஆட்டம் எல்லோருக்கும் கிடைக்கும். அதற்கு முன் 1977இன் யுவெண்டஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. முழுக்க முழுக்க இத்தாலியர்களைக் கொண்டே யுவெஃபா கோப்பையை வென்ற அணி அது, அங்கே அவருக்கு வயது 24 நிறையவில்லை. யுவெண்டஸ் சட்டையில் அவர் எண் 6, 1982 உலகக்கோப்பையில் 7. எதிரணி நடுக்களத்தில் ஒருவன் பந்தை எடுத்து, தலை தூக்கி, நீண்ட பாஸுக்குக் காலைப் பின்னால் இழுக்கும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். பந்து எங்கே போகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த எண்ணைத் தேடுங்கள். எந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருக்கிறார் என்று பாருங்கள், அடுத்த பாஸுக்கும் அப்படியே செய்யுங்கள்.